ஒரே ஒரு பீஸ்

சின்னப்பாப்பாவுக்கு ஒரு விஷயத்தில் மறதி கிடையாது. பஸ்ஸுக்கு வைத்த சில்லறையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவாள், தங்கச்சி பிறந்தநாள் எதுவென்று கேட்டால் விழிப்பாள். ஆனால் தன்னை ஒருத்தர் ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். எந்தக் கிழமை, எத்தனை மணி, சொன்னவர் அன்றைக்கு என்ன கலர் சேலை கட்டியிருந்தார் என்பது வரைக்கும் மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்திருப்பாள். இது நல்ல குணமா என்று கேட்டால், இல்லைதான். நல்ல குணத்தோடு இருந்தவர்களுக்கு இந்த ஊர் என்ன செய்துவிட்டது என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

பிறந்தது பாண்டி தேங்காய்த்திட்டில். அப்பா துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறவர். மூன்றாவதும் பெண்ணாகப் போனதில் பேர் வைக்கக்கூட யாருக்கும் மனசு வரவில்லை. பாப்பா, சின்னப்பாப்பா என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அதையே எழுதிவிட்டு வந்தார்கள். ஆள் நல்ல கருப்பு. பத்து வயசில் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனபோது பெரியப்பா மகள் சின்னக்கண்ணு, உனக்கெல்லாம் புதுப் பாவாடை எதுக்குடி, எது கட்டினாலும் ஒரே மாதிரிதான் தெரியுது என்று எல்லார் முன்னாலும் சிரித்தாள். ஏழு வருஷம் கழித்து அதே சின்னக்கண்ணுவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. அன்றைக்குச் சின்னக்கண்ணுவின் தங்கச்சியைத் தனியாக அழைத்துப் போய், இருந்த ஒரு பழைய சேலையையே கட்டி, தலைவாரிப் பூ வைத்துக் கூட்டத்தில் கொண்டு வந்து நிறுத்தினாள். மாப்பிள்ளை வீட்டார் இதில் யார் கல்யாணப் பெண் என்று கேட்டார்கள். சின்னக்கண்ணு இன்றைக்கும் அவளிடம் பேசுவதில்லை.

அந்தக் கைதான் அவளுக்குச் சோறு போட்டது. பத்தாவது முடித்த கையோடு நேரு வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். சின்னப்பாப்பா என்ற பேர் கடைக்கு ஆகாது என்று மாடி சூப்பர்வைசர் செல்வகுமார் 'ரம்யா' என்று எழுதிய பேட்ஜைக் குத்திவிட்டார். முதல் மாடியில் ஃபேன்சி சேலைப் பிரிவின் நடுவில் கம்பளம் விரித்த சின்ன மேடை ஒன்று உண்டு, மேலே விளக்கு, பின்னால் ஆளுயரக் கண்ணாடி. வாடிக்கையாளர் கேட்கிற சேலையை ஒரு பெண் அந்த மேடையில் ஏறித் தன் மேல் போட்டுக் காட்ட வேண்டும். கட்டியிருக்கும் யூனிஃபார்ம் சேலைக்கு மேலேயே கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி நிற்க வேண்டும். சின்னப்பாப்பா மூச்சு விடுகிற நேரத்தில் கொசுவம் வைப்பாள். அவள் மேல் விழுந்த சேலை அலமாரிக்குத் திரும்பிப் போனது அபூர்வம். ஏழு வருஷம் அந்த மேடை அவளுடையதாக இருந்தது. உட்கார ஸ்டூல் கிடையாது, சம்பளம் பெரிசாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விளக்குக்குக் கீழே நிற்கும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்த மூன்றடி இடம்தான்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சேலை பொருந்தாதவர்களிடம் பொருந்தாது என்று சொல்லிவிடுவாள். இது உங்களுக்கு எடுக்காதும்மா, அந்த மயில்கழுத்துப் பச்சையைப் பாருங்க என்பாள். செல்வகுமார் பல்லைக் கடிப்பார். ஆனால் அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள்தான் அடுத்த தீபாவளிக்கும் ரம்யா எங்கே என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

ஜவுளிக்கடைக்குத் தனியாக ஒரு பஞ்சாங்கம் உண்டு. தையில் பட்டு ஓடும். சித்திரை, வைகாசியில் அந்த வருஷத்துப் புது ஃபேஷன் வந்து இறங்கும். முதலில் வருவது ஒரிஜினல். ஒரு டிசைனுக்கு ஆறு கலர், கலருக்கு ஒரு பீஸ். விலையைக் கேட்டால் கை பின்னால் போகும். சூரத்துக்காரர்கள் அதைப் பார்த்துக் காப்பியடித்து இரண்டே மாசத்தில் கட்டுக் கட்டாக அனுப்பிவிடுவார்கள். வைகாசியில் மேடையேறிய டிசைன் ஆடித் தள்ளுபடியில் கூடையில் குவிந்து கிடக்கும். எட்டடி தள்ளி நின்று பார்த்தால் ஒரிஜினல் எது, காப்பி எது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. வைகாசியில் வாங்கியவர்கள் வைகாசி முகூர்த்தத்திலேயே கட்டிப் பெருமை அடித்து முடித்திருப்பார்கள். ஆடியில் யார் கல்யாணம் வைக்கப் போகிறார்கள்?

இந்த ஊரில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பிரான்சில் விட்டுவிட்டு இங்கே பிரெஞ்சுப் பென்ஷனில் வாழ்கிற குடும்பங்கள். ஆகஸ்டில்தான் அங்கே லீவு, ஆகஸ்டில்தான் சொந்தமெல்லாம் விமானம் ஏறி வரும். மாதா கோவிலில் பூசை, பிறகு மண்டபத்தில் வரவேற்பு. ஆடியாவது ஆவணியாவது.

மதாம் மிரேய் அந்தக் கூட்டத்தின் கிரீடம். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இவர் வீட்டையும் கணவரையும் சேர்த்து ஆண்டார். ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய விழாவுக்கு மதாம் எதைக் கட்டிக்கொண்டு வருகிறாரோ அதை மற்ற மதாம்கள் கிறிஸ்துமஸுக்குத் தேடுவார்கள். தான் கட்டியதை இன்னொருத்தி கட்டியிருந்தால் அந்த இடத்தில் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது. கோதுமை நிறம். அதில் அவருக்குக் கர்வம் உண்டு, அதைக் கழுத்து நகையைப் போல எடுத்துக் காட்டவும் செய்வார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், வைகாசி மாசம், ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணி. சின்னப்பாப்பா சொன்னால் அப்படித்தான் சொல்வாள். மதாம் அன்றைக்குக் கட்டியிருந்தது சந்தன நிறத்தில் ஆர்கண்டி.

அந்த வருஷம் ஹாஃப் அண்ட் ஹாஃப் சேலை வந்து ஊரைக் கலக்கிக்கொண்டிருந்தது. கொசுவப் பக்கம் ஒரு நிறம், முந்தானைப் பக்கம் வேறு நிறம். சின்னப்பாப்பாவின் மேல் இருந்தது முந்தானை வெங்காயத்தோல் நிறம், கொசுவம் கத்தரிப்பூ நிறம், ஓரமெல்லாம் கல் வேலை. விளக்குக்குக் கீழே அவள் ஒரு சுற்றுச் சுற்றியதும் சுற்றி நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மதாம் மிரேய் நேராக மேடைக்கு வந்தார். மகள் லோராவுக்கு ஆகஸ்ட் பன்னிரண்டில் கல்யாணம், மாலை ரிசெப்ஷனுக்குப் பெண்ணின் அம்மாவுக்கு ஒரு சேலை வேண்டும், ஊரில் ஒருத்தியும் கட்டாததாக வேண்டும் என்றார்.

சின்னப்பாப்பாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கோதுமை நிறத்தின் மேல் வெங்காயத்தோல் நிறம் போனால் தோள் எங்கே முடிகிறது, சேலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, ஆளே அழிந்துபோவார். இன்னொரு விஷயமும் தெரியும். ஆகஸ்ட் பன்னிரண்டு என்றால் ஆடி முடிந்திருக்காது, காப்பி கூடையில் குவிந்து கிடக்கும். இரண்டையும் பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். மதாம் அவளைப் பார்த்துப் பேசவில்லை, செல்வகுமாரிடம் பேசினார்.

"மொதல்ல அத அவ மேலேர்ந்து எடுங்க. இந்தக் கருப்பு மேல போட்டா கலரே செத்துப் போவுது. செவப்பா யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க."

செல்வகுமார் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தானே மேடையேறி அவள் தோளில் இருந்த பின்னைக் கழற்றி, முந்தானையை உருவி எடுத்தார். இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கவுன்ட்டரில் இருந்து பூர்ணிமா வந்தாள், சிவப்பான பெண். சேலை அவள் மேல் வெளிறிப் போய்த்தான் தெரிந்தது. மதாம் சேலையைப் பார்க்கவில்லை, பூர்ணிமாவின் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இதே மாதிரி வேறு இருக்கிறதா என்று கேட்டார். ஒரே ஒரு பீஸ்தான் மதாம், பாண்டிக்கே இது ஒண்ணுதான் என்று செல்வகுமார் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். மதாம் முகம் சுளித்தார்.

"அப்ப அவ ஒடம்புல பட்டதத்தான் எடுத்துக்கணுமா? ட்ரை வாஷ் பண்ணிக் குடுங்க."

அந்தச் சேலையை லாண்டரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள். சின்னப்பாப்பாதான். மூன்று நாள் கழித்துப் போய் வாங்கி வந்ததும் அவள்தான். இடையில் திங்கட்கிழமை காலையிலேயே செல்வகுமார் கூப்பிட்டு, பெரிய கஸ்டமர் மனசு நோகக் கூடாது, நீ கொஞ்ச நாள் கீழே இரு என்று சொல்லிவிட்டார். கீழே என்றால் தரைக்கும் கீழே இருக்கிற பிரிவு. நைட்டி, உள்பாவாடை, சேலைக்கு அடிப்பக்கம் தைக்கிற ஃபால்ஸ், அப்புறம் யூனிஃபார்ம் சேலைக் கட்டுகள். ட்யூப்லைட் இருந்தது, கண்ணாடி இல்லை. பூர்ணிமா மேடையேறிவிட்டாள்.

சின்னப்பாப்பா அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று பயந்தாள். சொல் சொன்ன மதாமுக்கும் பின்னைக் கழற்றிய செல்வகுமாருக்கும் மனசுக்குள் தனித்தனியாக இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நைட்டி மடித்தாள். ஒன்று மட்டும் உறுதியாக இருந்தது. அந்த மேடை தனக்குத் திரும்ப வேண்டும், அதை மதாம் மிரேய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

யூனிஃபார்ம் கட்டு என்றால், ஒரே டிசைன், ஒரே கலர், கட்டுக்குப் பத்துச் சேலை. ஆஸ்பத்திரி ஆயாக்களுக்கு, மகளிர் குழுக்களுக்கு, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்கிற பெண்களுக்கு என்று மொத்தமாக வாங்கிப் போவார்கள். ஆடி பிறக்கிறதற்குப் பத்து நாள் முன்னால் சூரத் லாரி வந்தது. மூன்றாவது மூட்டையைப் பிரித்தபோது சின்னப்பாப்பாவின் கை நின்றுவிட்டது. முந்தானை வெங்காயத்தோல், கொசுவம் கத்தரிப்பூ, ஓரமெல்லாம் கல். கல் பிளாஸ்டிக், துணி லேசு. மற்றபடி அதேதான். பத்துச் சேலை.

கட்டை மறுபடி கட்டி, கீழ் ரேக்கில் வெள்ளை உள்பாவாடைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். ஒரு ஆசிரமத்து ஆள் வந்து புது டிசைன் கேட்டதற்கு ஒன்றும் வரவில்லை என்று கூசாமல் சொன்னாள்.

ஆடி முதல் வாரத்தில் ஜானகிராமன் வந்தார். முதலியார்பேட்டைக்காரர், கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். சமையலோடு வாசலில் வரவேற்கிற பெண்களையும் அவரே அனுப்புவார். பாவம், நல்ல மனுஷன், எந்தச் சேலையைப் பார்த்தாலும் ஒன்றுபோலத் தெரிகிற கண். வழக்கமாக ஆடியில் வேலை இருக்காது, இந்தத் தடவை ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக் கல்யாணம் வந்திருக்கிறது என்றார். அந்தம்மாவோடு மாரடிக்க முடியவில்லை என்றும் புலம்பினார். போன கல்யாணத்தில் பார்த்த பழைய பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு பெண்கள் நிற்கக் கூடாதாம், இந்த வருஷத்து லேட்டஸ்டாக இருக்க வேண்டுமாம், விருந்தாளிகள் பாரிசிலிருந்து வருகிறார்களாம்.

எந்தத் தேதி என்று சின்னப்பாப்பா கேட்டாள். ஆகஸ்ட் பன்னிரண்டு என்றார். அந்தம்மா பேர் என்ன என்று கேட்டாள். மதாம் மிரேய் என்றார்.

அந்த இடத்தில் இன்னொருத்தியாக இருந்தால் ஒரு கணம் தயங்கியிருப்பாள், கல்யாண வீடாச்சே என்று யோசித்திருப்பாள். சின்னப்பாப்பா யோசித்தது, உள்பாவாடைகளை இடது பக்கம் நகர்த்துவதா வலது பக்கம் நகர்த்துவதா என்று மட்டும்தான். கட்டை எடுத்துப் பிரித்து, ஒரு சேலையைத் தன் தோளில் போட்டுத் திரும்பி நின்றாள். கண்ணாடி இல்லாத அந்தக் குழிக்குள்ளேயே ஜானகிராமனுக்குக்கூட வித்தியாசம் தெரிந்தது. இந்த வருஷம் இதுதாண்ணே லேட்டஸ்டு என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பெண்களையும் அவளே சேர்த்துத் தருவதாகச் சொன்னாள். அவர் வழக்கமாக அனுப்புகிற பெண்கள் பாதிப் பேர் ஆடி மாசத்தில் ஊருக்குப் போயிருந்ததால் அவருக்கு நிம்மதி. தேங்காய்த்திட்டிலும் அரியாங்குப்பத்திலும் அலைந்து ஒன்பது பெண்களைப் பிடித்தாள். மீன் கழுவுகிறவள், நர்சிங் படிக்கிறவள், பாண்டி மேட்டுப்பாளையத்து பாக்டரியில் பேக்கிங் வேலை செய்கிறவள். ஒன்பது பேரும் அவளைப் போலவே நல்ல கருப்பு. சிவப்பாக ஒருத்தி தானாக வந்து கேட்டதற்கு, இடமில்லை என்று அனுப்பிவிட்டாள். பத்தாவது ஆள் அவளேதான். கடையில் அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்லி அரை நாள் லீவு வாங்கினாள். தள்ளுபடி நேரத்தில் லீவா என்று செல்வகுமார் கத்தினார். அதையும் அவர் பேருக்குப் போட்டு வைத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் மண்டபத்துப் பின்னறையில் அவள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். பெண்கள் எல்லாரும் வழக்கம்போல முகத்தில் வெள்ளைப் பவுடரை அப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். கழுவிவிட்டு வரச் சொன்னாள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று யாரும் என் கண் முன்னால் நிற்கக் கூடாது என்றாள். ஈரம் துடைத்த முகத்தில் ஒரு பொட்டுக் க்ரீம், கண்ணுக்கு மை, உதட்டுக்குக் கருஞ்சிவப்பு. ரவிக்கை எல்லாருக்கும் கொசுவத்தோடு சேர்ந்த கத்தரிப்பூ நிறம், முழங்கை வரைக்கும். நெருக்கமாக ஏழு மடிப்பு வைத்து முந்தானையை ஒரே உயரத்தில் பின் குத்தினாள். பளபளவென்று மின்னும் கல் செட்டுகளைக் கழற்றி வைக்கச் சொல்லி, காதில் சின்னதாக ஒரு தோடு போதும் என்றாள். கொண்டை போட்டு, அடர்த்தியாக மல்லிகை. வெங்காயத்தோல் நிறம் அந்தக் கருத்த தோள்களின் மேல் விளக்குப் போட்டதுபோல் நின்றது. பாக்டரிப் பெண் தன் உருவத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீரில் பார்த்துவிட்டு, அக்கா இது நான்தானா என்று கேட்டாள்.

நல்லா நிமிந்து நில்லுங்கடி, அது போதும் என்றாள் சின்னப்பாப்பா.

காத்திருந்தபோது சமையல் ஆட்கள் பேசியது காதில் விழுந்தது. மாப்பிள்ளை தியரியின் குடும்பம் காரைக்கால் பக்கம், முப்பது வருஷமாகப் பாரிசில். நல்ல கருப்பு. சம்பந்தம் பேசும்போது மதாம் மிரேய் நிறத்தைப் பற்றி எதையோ சொல்லி, அது மாப்பிள்ளை அம்மா காதுக்குப் போய், கல்யாணமே நின்றுபோக இருந்ததாம். மதாம் நேரில் போய், யாரோ கட்டிவிட்ட கதை என்று சத்தியம் பண்ணி ஒட்டவைத்தாராம். லோரா போய்க் குடியிருக்கப் போவது அந்த மாமியாரோடுதான். சின்னப்பாப்பா அதையும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

ஆறரை மணிக்குக் கார் வந்தது. மதாம் மிரேய் இறங்கினார். முந்தானை வெங்காயத்தோல், கொசுவம் கத்தரிப்பூ, ஓரமெல்லாம் கல். வாசலில் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, அதே சேலையில் பத்துப் பெண்கள் கல்கண்டுத் தட்டும் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நின்றார்கள். வீடியோக்காரன் விளக்கு நேராக மதாமின் முகத்தில் அடித்தது. மதாமின் கால் படியில் நின்றுவிட்டது. திரும்பிப் போக முடியாது, பின்னாலேயே கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. சின்னப்பாப்பா நிதானமாக அவர் மேல் பன்னீர் தெளித்தாள். இரண்டரை மாசம் நைட்டி மடித்த கைக்கு அந்தப் பன்னீர் ஜில்லென்று இருந்தது.

அப்போதுதான் காரியம் கெட்டது. பாரிசிலிருந்து வந்த கூட்டம் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுக் கை தட்டியது. அங்கெல்லாம் கல்யாணத்தில் பெண்ணுக்குத் தோழிகள் ஒரே மாதிரி உடையில் வரிசையாக நிற்பது வழக்கமாம். பெண்ணின் அம்மாவும் அதே உடை, இங்கேயும் அந்த மாதிரி ஏற்பாடு, அதுவும் சேலையில் என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். லோரா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள், இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். மதாம் மிரேய் லேசுப்பட்ட ஆளா? ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டார். சிரித்தார். எல்லாம் என் ஐடியாதான், சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல என்றார்.

தான் வீசிய கல்லை எடுத்து அந்தம்மா பதக்கமாகக் குத்திக்கொண்டுவிட்டாரே என்று சின்னப்பாப்பா பல்லைக் கடித்தாள்.

ஆனால் போட்டோ என்று ஒன்று இருக்கிறது. இவ்வளவு அழகான ஏற்பாட்டைப் படம் எடுக்காமல் விடுவார்களா? மதாமை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து பெண்கள். மாப்பிள்ளையின் அம்மா அமலோற்பவம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோகிராபரின் கேமராவில் அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தார். கறார்ப் பேர்வழி, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறவர். நிறம் சின்னப்பாப்பாவை விட ஒரு படி அதிகம்.

"பத்துப் பேரும் பளிச்சுன்னு இருக்காங்க. உங்களத்தான் தேட வேண்டியிருக்குது, சம்மந்தி. இந்தக் கலர் உங்க மேல செத்துல்ல கெடக்குது."

சுற்றி இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம் என்றார்கள். அதற்கப்புறம் வந்த தியரியின் சிநேகிதன் ஒருத்தன், மதாமையும் அந்த வரிசைப் பெண்களில் ஒருத்தி என்று நினைத்து, குடித்து முடித்த கிளாஸை அவர் கையில் கொடுத்து மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனான். மதாம் ஜானகிராமனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் பல்லுக்கிடையில் ஏதோ கேட்டார். நீங்கதான மதாம் லேட்டஸ்ட் ஃபேஷனா இருக்கணும்னீங்க என்று அவர் வெள்ளந்தியாகச் சொன்னார். தன் ஐடியா என்று ஊர் முன்னால் சொன்ன பிறகு மதாம் யாரிடம் போய்ச் சண்டை போட முடியும்? கடைக்குப் போய்க் கத்தவும் வழியில்லை. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அந்தச் சேலையோடு மூன்று மணி நேரம் நின்றார்.

அமலோற்பவம் சின்னப்பாப்பாவிடம் தனியாக வந்தார். நம்ம நிறத்துக்கு இந்தக் கலரெல்லாம் ஆகாது என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருஷமாகத் தன்னை மெரூனும் நீலமும் கட்ட வைத்துவிட்டார்கள் என்றார், உன்னைப் பார்த்த பிறகு எனக்கு ஆத்திரமாக வருகிறது என்றார். எந்தக் கடை என்று கேட்டார். சின்னப்பாப்பா கடையைச் சொல்லி, வந்தால் சின்னப்பாப்பா என்று கேளுங்கள் என்றாள்.

இவ்வளவும் நடந்தும் அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மதாம் மிரேய் அவள் முகத்துக்கு நேரே நாலு தடவையாவது வந்திருப்பார். ஒரு தடவைகூட அடையாளம் தெரியவில்லை. தெரியாததுபோல நடிக்கவும் இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. கடையில் அன்றைக்கு அவர் பார்த்தது நிறத்தைத்தான், முகத்தை எங்கே பார்த்தார்? அடித்தது யார் என்றே தெரியாமல் ஒருத்தி அடி வாங்கிக்கொண்டு போனால், அது என்ன பழி? உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அமலோற்பவம் முதல் மாடிக்கு வந்தார். பக்கத்தில், வர விருப்பமில்லாத முகத்தோடு மதாம் மிரேய். இன்னும் இரண்டு நாளில் அமலோற்பவத்துக்கு விமானம், சம்பந்தியம்மா கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சின்னப்பாப்பா எங்கே என்று அமலோற்பவம் கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லையே என்று செல்வகுமார் சொன்னார். பூர்ணிமாவை மேடையேறச் சொன்னார். அமலோற்பவம் பூர்ணிமாவைப் பார்த்து, நீ நல்லாத்தான் இருக்கேம்மா, ஆனா நான் உன் நிறத்துலயா இருக்கேன், உன் மேல பாத்து எனக்கு என்னா தெரியப் போவுது என்றார். கருத்த பொண்ணு, நல்ல உயரம், சேலை கட்டிக்கிட்டு நின்னா கண்ணை எடுக்க முடியாது, அவளை வரச் சொல்லுங்க என்றார். செல்வகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது. தானே படியிறங்கிப் போனார்.

சின்னப்பாப்பா நைட்டி மடித்துக்கொண்டிருந்தாள். ரம்யா, மேல வா என்றார். அவள் நிமிரவில்லை. கஸ்டமர் யாரைக் கேட்டாங்க சார் என்று கேட்டாள். அப்புறம் செல்வகுமார், சின்னப்பாப்பா, மேல வாம்மா என்றார். பேட்ஜைக் கழற்றி நைட்டிகளின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

மேடையில் விளக்கு அப்படியேதான் இருந்தது. கீழே சோபாவில் அமலோற்பவம், பக்கத்தில் மதாம் மிரேய். செல்வகுமார் கை நிறையச் சேலைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார், பின் டப்பாவும் அவர் கையில்தான். ஒரு மணி நேரம் போட்டுக் காட்டினாள். தாமரைப்பூ நிறம், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, அமலோற்பவம் வாழ்நாளில் தொடாத நிறமெல்லாம் வந்தன. ஒன்றிரண்டை இது உங்களுக்கு எடுக்காதும்மா என்று அவளே ஒதுக்கினாள். கூட்டம் கூடி நின்று அண்ணாந்து பார்த்தது. மதாம் மிரேய் வாட்சைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், விசிறிக்கொண்டார். மேடையை மட்டும் பார்க்கவில்லை.

அமலோற்பவம் மூன்று சேலையை எடுத்துக்கொண்டார். அவள் தோளில் கடைசியாக இருந்த தாமரைப்பூ நிறத்தைக் காட்டி, அதையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள் என்றார். செல்வகுமார் பின்னைக் கழற்ற மேடையேறிக் கை நீட்டினார். சின்னப்பாப்பா அவரைப் பார்த்த பார்வையில் கை கீழே போனது. அவள் அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினாள்.

"இத ட்ரை வாஷ் பண்ணிக் குடுக்கட்டுமாம்மா?"

புதுச் சேலைக்கு எதற்கு ட்ரை வாஷ் என்று அமலோற்பவம் கேட்டார்.

"என் மேல பட்டுதுல்லம்மா. இந்தக் கருப்பு பட்ட சேலைய அப்பிடியே குடுத்தா ஆவாதுன்னு வைகாசில ஒருத்தங்க சொன்னாங்க. இதே எடத்துலதான். மதாமக் கேளுங்க, அவுங்களுக்குத் தெரியும்."

மதாம் மிரேய் தலையைத் தூக்கினார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வைகாசிச் சனிக்கிழமையும், லாண்டரியும், மண்டபத்து வாசலும், பன்னீரும் ஒவ்வொன்றாக அந்தக் கண்ணுக்குள் வந்து சேர்வதைச் சின்னப்பாப்பா மேலே நின்று கண்ணாரக் கண்டாள். கோதுமை நிறம் வெளிறிப் போய், இப்போது அவர் கட்டியிருந்த வெளிர் நீலச் சேலைக்கும் ஆகாத நிறமாகிவிட்டது.

அமலோற்பவம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தன் கருத்த கையைச் சோபாவின் கைப்பிடியில் வைத்து, மெல்லச் சம்பந்தியின் பக்கம் திரும்பினார்.

"என்னா சொல்லுது இந்தப் பொண்ணு?"

இந்தத் தடவை, யாரோ கட்டிவிட்ட கதை என்று மதாம் சத்தியம் பண்ண முடியாது. சின்னப்பாப்பா முந்தானையைச் சரியாக இழுத்துத் தோளில் விட்டுக்கொண்டு, பதில் வரட்டும் என்று விளக்குக்குக் கீழே நின்றாள். அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை. நிற்பது அவளுக்குப் பழக்கம்தான்.